அழுக்கைப் பாத்துச் சொல்லுறன்

பேப்பர் எழுதுது, தோல்விக்கெல்லாம் காரணம் கோச் எண்டு.
ஞாயிறு ராத்திரி கலைச்சவை அந்த ஃபின்லாந்துக்காரனை.
திங்கள் காலமை அவன்ர கம்பளித் தொப்பி
மற்றச் சாக்குகளோட எங்கட சலவைக்கு வந்திட்டுது,
செய்தி தெரியாமல்.

பீல் நகரத்தில ஐஸ் ஹொக்கி கதைக்க
எல்லாருக்கும் வாய் இருக்கு.
என்ர இடப்பக்கம் நிக்கிறவை ஜெர்மனில ஏசுவினம்,
வலப்பக்கம் பிரெஞ்சில.
நடுவில நான், தமிழில.
பக் கம்பியில பட்டுத் திரும்பேக்க வாற "ஐயோ"வை மட்டும்
ஒருத்தரும் ஒருத்தருக்கும் மொழிபெயர்க்கிறேல்லை.

எண்டாலும் என்னட்ட சாட்சி இருக்கு,
பேப்பர்காரரிட்ட இல்லாத சாட்சி.
பதினொரு வருஷமா அந்தச் சாக்குகளை
அவிழ்க்கிறது நான்.

ஏழாம் நம்பரை எடுங்கோ.
கனடாவில இருந்து கொண்டுவந்த விலை கூடின ஆள்.
அவன்ர ஜேர்சியில சவர்க்கார வாசம்கூடப் போகேல்லை.
போன கிழமை நான் மடிச்ச மடிப்பு
தோள்மூட்டில அப்பிடியே கிடக்கு.

ஷ்டெம்ஃப்ளி எண்ட பெடியன், நாற்பத்திநாலு.
அவன்ர சம்பளம் ஏழாம் நம்பரின்ர சப்பாத்துக்கும் காணாது.
முழங்கையில விளம்பரப் பலகையின்ர நீலச்சாயம்,
கழுத்துப்பட்டியில ரத்தம்.
சுவரோட உரஞ்சி உரஞ்சிப் பக்கை எடுத்தது ஆர் எண்டு
எனக்கு முழங்கை சொல்லும்.

ரத்தத்துக்கு முதல்ல பச்சைத்தண்ணி.
சுடுதண்ணி பட்டால் கறை சீவியத்துக்கும் போகாது.
நிர்வாகத்துக்கும் அதைத்தான் சொல்லுறன்:
சூட்டோட ஒண்டும் செய்யாதேங்கோ.

இனிக் கோலியை விக்கப்போகினமாம்.
கால் கழண்டவனாம், வயசு போட்டுதாம்.
அவன்ர உள்ளுடுப்பை ஈரத்தோட நிறுத்துப் பாத்தன்: ரெண்டு கிலோ.
காயப்போட்டு நிறுத்தன்: அறுநூறு கிராம்.
மிச்சம் முழுக்க
அவன் அங்க நிண்டது.

இவருக்குக் கிரிக்கெட் மட்டும்தான் விளையாட்டு.
கலியாண வீடுகளில என்ர வேலையை ஆரும் கேட்டால்
"துணி நிறுவனத்தில" எண்டு முந்திக்கொள்ளுவார்.
"ஊத்தை உடுப்புத் தோய்க்கிறன்" எண்டு நான் சொல்லுவன்.
மேசை ஒருக்கா அடங்கும்.
பேந்து ஆரோ சோடா கேப்பினம்.

மகள் ஆரபி பேர்ண் யூனிவர்சிற்றிக்கு விளையாடுறாள்,
மண்டபத்துக்குள்ள, பொத்தல் பந்தும் தடியும்.
போன மட்சுக்குச் சனம் ஒம்பது பேர்,
என்னையும் மற்ற அணியின்ர ட்ரைவரையும் சேத்து.
அவையின்ர மண்டப நேரத்தில பாதியை வெட்டியாச்சு.
அதுக்குப் பேப்பரில ஒரு வரியும் இல்லை.
ஏழாம் நம்பர் நாய் வாங்கினது அரைப்பக்கம்.

அவளின்ர உடுப்பு என்ர வீட்டுக் கூடையிலதான் விழும்.
முழங்கால் ரெண்டும் தரையின்ர கறுப்பு,
பைக்குள்ள மறந்துபோன சோதனை அட்டை.
ஒருக்கா மட்டும் "நீ பாஸ் குடுத்திருக்கலாம்" எண்டன்.
ரெண்டு நாள் என்னோட கதைக்கேல்லை.
அதுக்குப் பிறகு அவளின்ர அழுக்கைப் பற்றி
எனக்கு அபிப்பிராயம் இல்லை.

தொப்பியை என்ன செய்யிறது எண்டு கழகத்தைக் கேட்டன்.
எறியச் சொல்லிச்சினம்.
கையால தோய்ச்சு, நாலாம் மெஷினுக்கு மேல வைச்சிருக்கிறன்.
முகவரி தெரிஞ்சால் அனுப்பலாம்.

சனிக்கிழமை புதுக் கோச்.
கடைசி நிமிஷம், ரெண்டுக்கு ரெண்டு,
ஏழாம் நம்பர் அடிச்சான்.
விசரி மாதிரித் துள்ளினன்.
ஆற்றையோ பியர் என்ர முதுகில,
பிரெஞ்சுக்கார மனுசி ஒருத்தி என்ர கழுத்தைக் கட்டி அழுதாள்.
அவன்ர பேரை நானும் கத்தினன், தொண்டை கிழிய.

திங்கள் காலமை முதல்ல அவன்ர ஜேர்சியைத்தான் தேடினன்.
வெளிச்சத்தில பிடிச்சன். மணந்தன்.
தோள்மூட்டு மடிப்புக் கலைஞ்சிருந்தது.

கொஞ்சம்.
கோல் அடிச்சிட்டுக் கட்டிப்பிடிக்கேக்க
கலையிற அளவு.